ஒற்றாடிய பெண்களின் நாட்கள்: போர்க்கால உளவுக்கதைக்குப் பின்னால்

போர்க்காலப் பெண் உளவாளி என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் கதைகள் வார்த்துக் கொடுத்தது. விருந்து மண்டபத்தில் எதிரித் தளபதியின் அருகே அமர்ந்திருப்பாள்; அவன் மயங்கிய வேளையில் மேசை இழுப்பறையிலிருந்து வரைபடத்தை எடுப்பாள்; கடைசி அத்தியாயத்தில் துப்பாக்கி வெடிக்கும். இந்த உருவத்தின் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. மாதா ஹரி என்ற மேடைப்பெயரில் ஆடிய நெதர்லாந்துப் பெண்மணி, ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1917 அக்டோபர் 15 அன்று பாரிசை அடுத்த வான்சென்னில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உருப்படியான ரகசியம் எதையேனும் கைமாற்றினாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனாலும் கதைகளுக்கு அவர்தான் முன்மாதிரி ஆனார். அதே போரில் வடக்கு பிரான்சில் ஜெர்மானியரின் ரயில்களையும் படை நகர்வுகளையும் கவனிக்க ஒரு பெரிய வலையமைப்பை நடத்தி, 1915இல் பிடிபட்டு, 1918 செப்டம்பரில் கைதியாகவே இறந்துபோன லூயிஸ் தெ பெத்தினியைப் பிரான்சுக்கு வெளியே அறிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்தக் கட்டுரைக்காக ஒரு கதைப் பெண்ணை நாமும் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்குப் பெயர் வைக்க வேண்டாம். 1943இல் லண்டனிலிருந்து, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்கு அனுப்பப்படுகிறாள். வேலை, கம்பியில்லாத் தந்தி இயக்குவது. அவளுடைய நாட்கள் எவற்றால் ஆனவையாக இருந்திருக்கும் என்பதை, அவளைப் போன்றே சென்ற உண்மைப் பெண்களின் பதிவுகளைக் கொண்டு விளக்குவதே நோக்கம். வயர்லெஸ் இயக்குபவளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உளவுக்கதைகள் ஆபத்தை எப்போதும் எதிரியின் அறைக்குள்ளேயே வைக்கின்றன. பதிவுகளைப் படித்தால், அவளுடைய உயிர் ஒரு வானொலி இணைப்பின் இரண்டு முனைகளிலும் தொங்கியது தெரியும். ஒரு முனை பாரிசின் மாடி அறையில் இருந்தது, மற்றொன்று லண்டன் அலுவலகத்தின் மேசையில் இருந்தது.

எஸ்.ஓ.இ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சிறப்பு நடவடிக்கை அமைப்பை பிரிட்டன் 1940 ஜூலையில் தொடங்கியது. அதன் தலைமையகம் லண்டனின் பேக்கர் தெருவில் இயங்கியது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் நாசவேலை செய்வதும் எதிர்ப்புக் குழுக்களுக்கு ஆயுதமும் பணமும் அனுப்புவதும் அதன் பணி. 1942 ஏப்ரலில்தான் பெண்களைக் களத்துக்கு அனுப்ப முறையான ஒப்புதல் கிடைத்தது. அதன் பின்னால் இருந்தது பெண்ணுரிமைச் சிந்தனையன்று, கள நிலவரம்தான். வேலை செய்யும் வயதுள்ள ஆண் பகல் நேரத்தில் தெருவில் நடந்தாலே ஏன், எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1943 பிப்ரவரியில் பிரெஞ்சு இளைஞர்களை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டம் வந்தபின் நிலைமை இன்னும் இறுகியது. சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு உணவு தேடி ஊர் ஊராகப் போகும் பெண்ணோ எங்கும் காணப்பட்ட காட்சி. சட்டச் சிக்கலும் இருந்தது. படைப்பிரிவுப் பெண்கள் ஆயுதம் ஏந்த விதி இடம் தரவில்லை. ஆகவே பலர், ஃபேனி எனப்பட்ட முதலுதவிச் செவிலியர் தன்னார்வ அமைப்பில் பெயரளவில் சேர்க்கப்பட்டார்கள். பிரான்சுக்கென இயங்கிய எஃப் பிரிவு ஏறத்தாழ 470 பேரை அனுப்பியது. அவர்களில் பெண்கள் 39 பேர். அந்த 39 பேரில் 13 பேர் திரும்பவில்லை.

நம் கதைப் பெண் தேர்வானது அழகுக்காகவோ துணிச்சலுக்காகவோ அன்று. பிரெஞ்சு மொழியைப் பிரெஞ்சுக்காரியைப் போலவே பேசியதற்காக. தாயோ தந்தையோ பிரெஞ்சுக்காரராக இருந்திருக்கலாம், அல்லது அவள் அங்கே வளர்ந்திருக்கலாம். ஸ்காட்லாந்தின் அரிசைக் பகுதியில் வெடிமருந்தும் ஆயுதமும் கற்றாள், ரிங்வேயில் பாராசூட்டில் குதித்தாள், இங்கிலாந்தின் தெற்கே பூலியில் வேவுக்கலை பயின்றாள். அங்கே நள்ளிரவில் எழுப்பி, ஜெர்மானியச் சீருடை அணிந்தவர்கள் கண் கூசும் விளக்கின் கீழ் நிறுத்திப் போலி விசாரணை நடத்துவார்கள்.

வள்ளுவர் ஒற்றருக்குரிய முதல் தகுதியாக ‘கடாஅ உருவொடு’ என்றார். ஐயுற்று நோக்க இடம் தராத தோற்றம். அடுத்துத்தான் கண்ணஞ்சாமையும், எந்நிலையிலும் வாய்விடாமையும் வருகின்றன. அந்த வரிசையின் நுட்பம் பேக்கர் தெருவின் தையற்கூடத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு விளங்கியது. அவளுடைய மேற்சட்டையின் தையல் பிரெஞ்சு முறையில் இருக்க வேண்டும்; பொத்தான் தைக்கும் முறைகூட ஆங்கிலேயருடையதாக இருக்கக் கூடாது. பல்லில் அடைத்த பூச்சு லண்டன் மருத்துவர் செய்தது என்றால் அதை எடுத்துவிட்டு பிரெஞ்சு வழக்கப்படி மீண்டும் அடைப்பார்கள். புறப்படும் இரவில் விமானத் தளத்தில் பைகளைத் துழாவி, லண்டன் பேருந்துச் சீட்டோ ஆங்கிலத் தீப்பெட்டியோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொருளைச் சரிசெய்துவிடலாம், பழக்கம்தான் பொல்லாதது. சாலையைக் கடக்குமுன் இங்கிலாந்தில் வலப்புறம் பார்த்துப் பழகிய கண், பிரான்சிலும் முதலில் வலப்புறமே திரும்பும். பாலே கிடைக்காத நாட்டில் காபிக் கடையில் ‘பாலில்லாத காபி’ என்று கேட்டால், கேட்டவள் அண்மையில்தான் வெளியிலிருந்து வந்தவள் என்பது சொல்லாமலே வெளிப்பட்டுவிடும். பிரான்சில் புகையிலைப் பங்கீடு ஆண்களுக்கு மட்டுமே இருந்ததால், தெருவில் சிகரெட் பிடிக்கும் பெண்ணை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதைகளின் பெண் உளவாளி சிகரெட்டும் கையுமாக வருவதை எண்ணும்போது இந்தச் சிறு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

தோற்றம் என்பது கவர்ச்சிக்கு நேர் எதிரானது என்பதை வர்ஜீனியா ஹாலைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை. அமெரிக்கரான அவருக்கு ஒரு கால் மரக்கால். 1941 ஆகஸ்டில் செய்தியாளர் என்ற போர்வையில் வந்து, லியோனில் தங்கிப் பெரிய வலையமைப்பை எழுப்பினார். 1942 நவம்பரில் ஜெர்மானியர் நெருங்கியபோது அந்த மரக்காலோடு பனி மூடிய பிரனீஸ் மலையை நடந்தே கடந்து ஸ்பெயினுக்குள் போனார். இனித் திரும்பக் கூடாது என்று எஸ்.ஓ.இ. தடுத்ததால், அமெரிக்க உளவு அமைப்பின் வழியாக 1944இல் மீண்டும் பிரான்சுக்கு வந்தார். இம்முறை தலைமுடிக்கு நரை பூசி, அடுக்கடுக்காகப் பாவாடை உடுத்திப் பருமனைக் கூட்டி, நொண்டலை மறைக்கக் காலை இழுத்து இழுத்து நடக்கும் கிழவியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மானியக் காவலர் அந்தக் கிழவியை இரண்டாம் முறை பார்க்கவில்லை.

இனி நம் கதைப் பெண்ணின் உண்மையான சுமைக்கு வருவோம். சாதாரணப் பயணப் பெட்டியைப் போன்ற ஒரு சூட்கேசுக்குள் அடங்கிய வயர்லெஸ் கருவி அது. எடை ஏறத்தாழ 15 கிலோ. அதோடு, ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு படிகம், காதில் மாட்டிக் கேட்கும் கருவி, மோர்ஸ் தட்டும் சாவி, பல மீட்டர் நீளமான ஏரியல் கம்பி. கருவியைவிடப் பெரிய தொல்லை இந்த ஏரியல். அதை நீட்டிக் கட்டினால்தான் லண்டனுக்குக் கேட்கும். நீட்டிக் கட்டினால் அண்டை வீட்டார் கண்ணில் படும். துணி காயப்போடும் கொடிபோலக் கட்டினார்கள், கூரை ஓட்டுக்கு அடியில் ஓடவிட்டார்கள். ஒரே வீட்டிலிருந்து தொடர்ந்து அனுப்ப முடியாது என்பதால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்தின் குறுக்கே மெட்ரோவில் போக வேண்டும். மெட்ரோவில் ஜெர்மானியச் சிப்பாய்கள் பெட்டியில் என்ன என்று கேட்க, இது சினிமாப் படம் காட்டும் கருவி என்று சொல்லித் தப்பியதாக, அவளைப் போன்றே அனுப்பப்பட்ட நூர் இனாயத் கானைப் பற்றிச் சொல்லப்படும் நிகழ்ச்சி, அந்த 15 கிலோவின் பொருளை நமக்கு உணர்த்தும்.

குறித்த நாளில் குறித்த நேரத்தில் அவள் காற்றலைக்கு வந்தாக வேண்டும். அந்த நேரத்துக்காகவே ஜெர்மானியரும் காத்திருந்தார்கள். அவர்களுடைய கேட்பு நிலையங்கள் இரவு பகலாக அலைவரிசைகளைத் துழாவின. புதிய சமிக்ஞை கேட்டதும் மூன்று திசைகளிலிருந்து கோடு இழுத்து, கோடுகள் வெட்டும் பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்து, திசை காணும் கருவி பொருத்திய மூடுவண்டிகள் தெருக்களில் சுற்றும். கடைசி நூறு மீட்டருக்கு, கருவியை மேலங்கிக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு சாதாரண உடையில் மனிதர்கள் நடந்து வருவார்கள். சில வேளை பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். எந்தப் பகுதி இருண்டபோது சமிக்ஞை அறுந்ததோ அங்கேதான் அவள் இருக்கிறாள். எனவே சில நிமிடங்களுக்கு மேல் சாவியைத் தட்டுவது மரணத்தை வலிய அழைப்பதாகும். பிரான்சில் வயர்லெஸ் இயக்குபவரின் ஆயுள் ஆறு வாரம் என்று அந்த அமைப்பிலேயே பேசிக்கொண்டார்கள்.

சில நிமிடம் அனுப்புவதற்கு முன் பல மணி நேர வேலை இருந்தது; செய்தியைச் சங்கேதமாக மாற்றும் வேலை. தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கவிதை மனப்பாடமாக இருக்கும். அதிலிருந்து ஐந்து சொற்களைத் தேர்ந்து, எழுத்துகளை அகரவரிசைப்படி எண்ணிட்டு, அந்த எண்களின் கீழ் செய்தியை வரி வரியாக எழுதி, எண் வரிசைப்படி நெடுவரிசைகளைக் கலைத்து, வந்ததை மீண்டும் ஒருமுறை அதே போலக் கலைக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில், பசியோடு, படிக்கட்டில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் செவியைக் கொடுத்தபடி இதைச் செய்பவள் ஓர் எண்ணைத் தவறவிட்டாலும் முழுச் செய்தியும் குப்பையாகிவிடும். மீண்டும் அனுப்பு என்று லண்டன் கேட்டால் அவள் மீண்டும் காற்றலைக்கு வர வேண்டும், வண்டிகள் இன்னும் நெருங்கும். அதனால் சங்கேதப் பிரிவின் தலைவரான லியோ மார்க்ஸ், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், படிக்க முடியாத செய்தி என்று ஒன்று இருக்கவே கூடாது என்று உறுதி பூண்டார். இங்கிலாந்து நிலையத்தில் இளம்பெண்கள் குழு குழுவாக அமர்ந்து, எந்தத் தவறு நேர்ந்திருக்கும் என்று ஊகித்து ஆயிரக்கணக்கான சங்கேதத் திறவுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். இந்தப் பெண்களைப் பற்றி எந்த உளவுக்கதையும் எழுதுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

புகழ்பெற்ற கவிதையாக இருந்தால் எதிரியும் அதைத் தேடிப்பிடித்துவிடலாம் என்பதால் மார்க்ஸ் தாமே புதிய கவிதைகளை எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஒன்று, விமான விபத்தில் தாம் இழந்த பெண்ணை நினைத்து அவர் எழுதியது. 1944இல் அது வயலெட் சாபோ என்ற பெண் ஒற்றரின் சங்கேதமானது. அல் அலமைன் போரில் கணவரை இழந்தவர், கைக்குழந்தையின் தாய். 1945 தொடக்கத்தில் ஜெர்மனியின் ராவன்ஸ்பிருக் வதைமுகாமில் கொல்லப்பட்டார். ஆனால் கவிதை எதுவானாலும் அது தலைக்குள் இருக்கும்வரை சித்திரவதையால் வெளியே எடுக்க முடியும் என்பதை மார்க்ஸ் உணர்ந்திருந்தார். ஆகவே திறவுகளைப் பட்டுத்துணியில் அச்சிடச் செய்தார். தடவிப் பார்த்தால் தாளைப் போலச் சரசரக்காது; உடையின் உள்மடிப்பில் தைத்துக்கொள்ளலாம்; பயன்படுத்திய வரியை வெட்டி எரித்துவிட்டால், அவளே நினைத்தாலும் சொல்ல முடியாது. கதைகளில் பட்டு வேறு எதற்கோ வருகிறது. இங்கே அது ஒருத்தியின் நினைவிலிருந்து அவளைக் காக்க வந்தது.

ஒவ்வொரு செய்தியிலும் பாதுகாப்புக் குறிகள் இரண்டு இருந்தன. குறித்த இடத்தில் வேண்டுமென்றே செய்யும் எழுத்துப்பிழை போன்றவை அவை. ஒன்று, பிடிபட்டால் எதிரியிடம் சொல்லிவிடுவதற்கான போலிக் குறி. மற்றது, உயிரே போனாலும் சொல்லக் கூடாத உண்மைக் குறி. உண்மைக் குறி இல்லாமல் செய்தி வந்தால், அனுப்பியவள் எதிரியின் கையில் இருக்கிறாள் என்று பொருள். எளிய ஏற்பாடு, அறிவார்ந்த ஏற்பாடு. கேட்கும் முனையில் இருப்பவர் அதை மதித்தால் போதும்.

நூர் இனாயத் கானின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1914 புத்தாண்டில் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைஞர், திப்பு சுல்தானின் வழிவந்தவர்; தாய் அமெரிக்கர். பாரிசை அடுத்த சுரேனில் வளர்ந்து, குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதிவந்தார். பனியில் புண்ணான விரல்களோடு மோர்ஸ் சாவியை அழுத்தித் தட்டுவார் என்று பயிற்சி நாட்களைப் பற்றிச் சொல்வார்கள். பயிற்சியாளர்களில் சிலர் இவர் இந்தப் பணிக்கு ஏற்றவரல்லர் என்றே எழுதினார்கள். ஆயினும் வயர்லெஸ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் நிலவியது. 1943 ஜூன் 16 இரவில் லைசாண்டர் என்ற சிறு விமானத்தில், டயானா ரோடன், செசிலி லெஃபோர் என்ற இருவரோடு பிரான்சில் இறங்கினார். அன்றிரவு இறங்கிய மூன்று பெண்களில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை.

அவர் சேர வேண்டியிருந்த புராஸ்பர் வலையமைப்பு, அவர் வந்த பத்து நாட்களுக்குள் சிதைந்தது. தலைவர் பிரான்சிஸ் சட்டில் ஜூன் 24இல் பிடிபட்டார்; 1942 செப்டம்பரில் லீஸ் தெ பைசாக்கோடு, பெண் ஒற்றர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த ஆந்த்ரே போரலும் அதே நேரத்தில் பிடிபட்டார். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும் என்று வள்ளுவர் சொன்னதற்கு நேர் மாறாக, இந்த வலையமைப்பில் பலர் பலரை அறிந்திருந்தார்கள், ஒன்றாகக் கூடினார்கள், உணவருந்தினார்கள். தனிமை தின்றுகொண்டிருந்த மனிதர்கள் அவர்கள்; மாதக்கணக்கில் சொந்தப் பெயரைச் சொல்லி அழைக்க ஆளில்லாமல் வாழ்ந்தவர்கள். அந்தத் தவற்றைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்துவிடு என்று லண்டன் அழைத்தபோது, தாம் போனால் பாரிசோடு தொடர்பே அற்றுவிடும் என்று நூர் மறுத்தார். அக்டோபர் வரை, வீடு மாற்றி, தலைமுடியின் நிறம் மாற்றி, தனியாளாக அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த மாதத்தில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். அவரிடம் இருந்த ஒரு குறிப்பேட்டில் பழைய செய்திகள் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தன; செய்திகளைக் கையாளுவது பற்றிய கட்டளை, அவற்றைப் பாதுகாத்து வைக்கச் சொல்வதாக அவர் புரிந்துகொண்டார் என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை என்று அவரைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே பின்னர் சொன்னார். குறிப்பேடு பேசியது.

இப்போது லண்டன் மேசையைப் பார்க்க வேண்டும். புராஸ்பரின் வயர்லெஸ் இயக்குநர் கில்பர்ட் நார்மன் பிடிபட்டபின் அவர் பெயரில் வந்த செய்தியில் உண்மைக் குறி இல்லை. லண்டன் என்ன செய்தது? உண்மைக் குறியை மறந்துவிட்டீர், அடுத்த முறை கவனமாக இருக்கவும் என்று பதில் அனுப்பியது. அந்தப் பதிலை ஜெர்மானியர் அவர் முன்னாலேயே படித்தார்கள். நெதர்லாந்திலும் இதுவே நடந்தது. 1942இல் பிடிபட்ட இயக்குநர் குறியை விட்டுவிட்டு அனுப்பியும் கவனிக்கப்படாததால், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நேராக எதிரியின் கையில் இறங்கினார்கள். நூரின் கருவியிலும் ஜெர்மானியர் அவரைப் போலவே தட்டினார்கள். அதை நம்பி 1944 பிப்ரவரி இறுதியில், சார்த்ரு அருகே மதலேன் தாமர்மோன் உள்ளிட்ட மூவர் பாராசூட்டில் குதித்தார்கள். கீழே காத்திருந்தவர்கள் ஜெர்மானிய ரகசியக் காவலரான கெஸ்டபோ.

இதற்குக் காரணம் தீய நோக்கம் என்று நான் கருதவில்லை. செய்திகள் தவறோடு வருவது அன்றாட நிகழ்ச்சி. ஆட்கள் குறியை உண்மையிலேயே மறந்ததும் உண்டு. தாம் அனுப்பியவர்கள் பிடிபட்டுவிட்டார்கள் என்று நம்ப எவருக்கும் மனம் ஒப்பாது. ஒற்றர் தந்த செய்தியையும் வேறோர் ஒற்றரால் சோதித்துக்கொள் என்ற குறள் இந்த இடத்தில் நெஞ்சைக் குத்துகிறது. ஏனென்றால் வேறோர் ஒற்றர் சொல்லத்தான் செய்தார். சோனியா ஓல்சானெஸ்கி என்ற இளம் நடனக் கலைஞர், பாரிசிலேயே சேர்க்கப்பட்டவர், நூருக்குக் ‘கடும் விபத்து’ நேர்ந்து ‘மருத்துவமனையில்’ இருப்பதாக அதே அக்டோபரில் தகவல் அனுப்பினார். பிடிபட்டுவிட்டார் என்பதே அதன் பொருள். லண்டனில் சோனியா யாரென்றே எவருக்கும் தெரியாததால் அந்த எச்சரிக்கை ஒதுக்கி வைக்கப்பட்டது.

நூர் இருமுறை தப்ப முயன்றார். இனித் தப்ப மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட மறுத்ததால், ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கையிலும் காலிலும் சங்கிலியோடு பத்து மாதம் தனிமையில் அடைக்கப்பட்டார். உணவுக் கிண்ணத்தின் அடியில் கீறி எழுதி, மற்றக் கைதிப் பெண்களோடு பேசினார். 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாக்கௌ வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அவரோடு கொல்லப்பட்ட மூவரில் ஒருவர், அவர் பெயரில் வந்த பொய்ச் செய்தியை நம்பிக் குதித்த அதே மதலேன் தாமர்மோன்.

போர் முடிந்ததும், எஃப் பிரிவில் புலனாய்வு அலுவலராக இருந்த வேரா அட்கின்ஸ், காணாமல் போனவர்களைத் தேடி ஜெர்மனிக்குப் போனார். பட்டியலில் 118 பேர். முகாம் காவலர்களை விசாரித்து, சிறைப் பதிவேடுகளைப் புரட்டி, ஒருவரைத் தவிர அனைவரின் முடிவையும் கண்டறிந்தார். நாட்ஸ்வைலர் முகாமில் 1944 ஜூலை 6 அன்று நான்கு பெண்கள் கொல்லப்பட்டது தெரியவந்தது. போரல், ரோடன், வேரா லீ என்று மூவர் அடையாளம் தெரிந்தார்கள். நான்காமவரைப் பற்றிச் சாட்சிகள் சொன்ன உருவ அடையாளத்தைக் கொண்டு, அவர் நூர்தான் என்று அட்கின்ஸ் முடிவு செய்து குடும்பத்துக்கும் தெரிவித்தார். ஃபோர்ட்ஸ்ஹைமில் அவரோடு இருந்த கைதிகளின் சொல் வந்து சேர்ந்த பிறகே, 1947இல் அது திருத்தப்பட்டது. நாட்ஸ்வைலரில் இறந்த அந்த நான்காவது பெண், நூர் பிடிபட்டதை லண்டனுக்கு எச்சரித்த சோனியா ஓல்சானெஸ்கி.